அலோய்க்கு முதல் ரயர்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் பழைய அல்டோ ஒன்றை வாங்கினால் அடுத்த மூன்று மாதத்தில் அந்தக் காருக்கு என்னென்ன நடக்கும் என்று எங்களில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முதல் கிழமை கண்ணாடிக்குக் கறுப்பு ரின்ற். அடுத்த கிழமை செற்றும் பின்னுக்கு ஒரு பெரிய பாஸ் பெட்டியும். பிறகு அலோய். பிறகு சைலன்சர். பிறகு எதிரில் வாறவன் கண்ணைப் பொத்திற மாதிரி வெள்ளை எல்ஈடி. கடைசியில் பின்கண்ணாடியில் அம்மா அப்பாவின் பெயரோ ஊர்க் கோயிலின் பெயரோ ஸ்ரிக்கராக வரும். இந்தப் பட்டியலில் ரயர் எங்கே என்று கேட்டால், "ரயர் ஓடுதுதானே மச்சான், அதைப் பிறகு பாப்பம்" என்பதுதான் பதில்.

இந்த வரிசை பிழை என்பதுதான் என்னுடைய கருத்து. ஆனால் "இந்தக் காலத்துப் பெடியளுக்கு எல்லாம் எடுப்பு" என்று தொடங்கும் பெரிசுகளின் பேச்சையும் நான் பேச வரவில்லை. தன்னுடைய வாகனம் வடிவாக இருக்கவேணும் என்று ஆசைப்படுவதில் ஒரு குற்றமும் இல்லை. எங்கட ஊரில் தேரையும் வண்டில் மாட்டையும் அலங்கரிக்காத காலம் எப்போது இருந்தது? பிரச்சினை ஆசையில் இல்லை. கையில் இருக்கும் கொஞ்சக் காசு முதலில் எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது.

அந்தக் காசு உண்மையிலேயே கொஞ்சம்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருசத்தில் நாட்டுக்குள் இருந்த பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. ரயரும் ஷொக்கும் பிறேக் பாட்டும் அந்த டொலரோடு சேர்ந்து ஏறின. 2024 இலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். இறக்குமதி திறந்த பிறகும் வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புது வாகனம் எங்கட கைக்கு எட்டாது. ஆகவே எங்கட வயதில் ஒருவர் வாங்குவது மாருதி 800, நானோ, அல்டோ, மிஞ்சினால் வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் கொஞ்சம் போட்டு, மிச்சத்துக்கு லீசிங் எடுத்து ஒரு வாகன்ஆர். மாதாமாதம் லீசிங் கட்டினபிறகு வாகனத்துக்கென்று மிஞ்சுவதைத்தான் நான் "கொஞ்சக் காசு" என்கிறேன்.

நாலு உள்ளங்கை

ஒரு சின்னக் கார் நிலத்தைத் தொடுகிற இடம் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு ரயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான் வீதியோடு ஒட்டியிருக்கும். மொத்தம் நாலு உள்ளங்கை. நீங்கள் பிறேக்கை மிதிக்கிறபோது, குறுக்கே வந்த மாட்டுக்கு வெட்டுகிறபோது, மழைக்குள் வளைவு எடுக்கிறபோது உங்களைக் காப்பாற்றுவது அந்த நாலு உள்ளங்கைதான். எஞ்சினுக்கு எவ்வளவு வேகம் இருந்தாலும், பிறேக்குக்கு எவ்வளவு பிடி இருந்தாலும், அது வீதிக்குப் போய்ச் சேருவது ரயர் வழியாகத்தான். பழைய மாருதி 800இல் ஏபிஎஸ்ஸும் இல்லை, காற்றுப் பையும் இல்லை. அப்படியான காருக்கு ரயர்தான் முதல் பாதுகாப்பு, கடைசிப் பாதுகாப்பும் அதுதான்.

யாழ்ப்பாணத்து மழை இதை இன்னும் கடுமையாக்குகிறது. எங்களுக்கு வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டிவிடும். அதுவரை மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கிற வீதியில் புழுதியும் எண்ணெயும் படிந்திருக்கும். முதல் மழை விழுந்தவுடன் அது சவர்க்காரம் பூசின மாதிரி வழுக்கும். அந்த நேரத்தில் தண்ணீரை வெளியே தள்ளுவது ரயரில் இருக்கிற தவாளிப்புத்தான். புது ரயரில் அது ஏழெட்டு மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். பல நாடுகளில் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓடக்கூடாது. தவாளிப்புக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ரயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த ரயரின் கதை முடிந்தது. இதைப் பார்க்க ஒரு கராஜும் தேவையில்லை, குனிந்து பார்த்தால் காணும்.

ஓடாத ரயர் புதுசு இல்லை

எங்கட ஊரில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. "கார் ஓடவே இல்லை, வீட்டிலதான் நிண்டது, ரயர் எல்லாம் புதுசு மாதிரி." விற்கிறவரும் இதைத்தான் சொல்லுவார், வாங்குகிறவரும் இதைத்தான் நம்புவார். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் வருசத்துக்கு ஒருமுறை வந்து ஓடுவதற்கென்று கொட்டிலுக்குள் நிற்கும் கார்கள் இங்கே அனேகம். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்ற காலத்தில் மற்றக் கார்களும் அப்படித்தான் நின்றன.

உண்மை நேர்மாறானது. ரயர் ஓடித் தேய்வது ஒன்று, வயது போய்க் காய்வது இன்னொன்று. வெயிலும் சூடும் காற்றில் இருக்கிற ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். ரயருக்குள் கலந்திருக்கிற பாதுகாப்பு மெழுகு ஓட்டத்தில் ரயர் நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். நின்ற இடத்திலேயே நிற்கிற ரயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. தவாளிப்பு எட்டு மில்லிமீற்றரும் அப்படியே இருக்கும், பக்கச் சுவரில் மட்டும் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரயரின் பக்கத்தில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தில், காருக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கோ. மிச்செலின் போன்ற கம்பனிகளே சொல்வது: ஐந்து வருசம் போனால் வருசா வருசம் ஆளிடம் காட்டிப் பரிசோதியுங்கள், பத்து வருசம் போனால் பார்க்க நல்லாய் இருந்தாலும் மாற்றுங்கள். எங்கட வெயிலில் பத்து வரைக்கும் பொறுத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

எங்கட சொந்தக்காரர் ஒருவரின் காரில் ஒரு ஆடி மாதம் நாங்கள் கட்டுநாயக்காவுக்குப் போனோம். நல்லூர்த் திருவிழாவுக்கு வாறவர்களை ஏற்றிவரப் போகிற வழக்கமான பயணம்தான். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி ஒரு பின் ரயர் வெடித்தது. இருட்டு, காட்டுப்பக்கம், வேகம் அவ்வளவு இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. ரோர்ச் அடித்துப் பார்த்தபோது தவாளிப்பு வடிவாக இருந்தது. திகதி மட்டும் ஒன்பது வருசப் பழசு. றிம்மோ பளபளவென்ற புது அலோய். இலங்கையில் வருசத்துக்கு 2000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அதில் எத்தனை ரயரால் என்று யாரும் எங்களுக்குக் கணக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் திரும்பி வரும்போது எங்கட காரில் ஐந்து பேரும் நாலு சூட்கேசும் இருந்திருக்கும் என்பதை மட்டும் நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ரயரில் எழுதியிருப்பதை வாசிப்பம்

புத்தகம் வாசிக்கிற எங்களுக்கு ரயர் வாசிப்பது கஷ்டமில்லை. ஜப்பான் வாகன்ஆர் ஒன்றில் 155/65 ஆர்14 75எஸ் என்று இருக்கும். 155 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 வீதம் என்பது. 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்பது ஒரு ரயர் 387 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. கடையில் "இதுவும் அதே சைஸ்தான் தம்பி" என்று சொல்லும்போது முதல் மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. சுமைக் குறியீடு குறைந்த ரயரை மலிவென்று போட்டால், சூட்கேஸ் பயணத்தில் அது தன் கணக்கைக் காட்டும்.

பெரிய றிம் போடுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குச் செய்தால் போதும். றிம் பெருக்கும்போது பக்கச் சுவர் குறையவேணும், மொத்த உயரம் மாறக்கூடாது. மாறினாலும் மூன்று வீதத்துக்குள் நிற்கவேணும் என்பது பொதுவாக எல்லோரும் பிடிக்கும் அளவு. 155/65 ஆர்14இன் மொத்த உயரம் 557 மில்லிமீற்றர். வாகன்ஆர் ஸ்ரிங்கிறேயில் வருகிற 165/55 ஆர்15 போட்டால் 562. ஒரு வீதம்தான் வித்தியாசம், பிரச்சினை இல்லை. அல்டோ 800இன் 145/80 ஆர்12க்குப் பதிலாக 155/65 ஆர்13 போட்டாலும் அப்படித்தான். ஆனால் பக்கச் சுவரைப் பாருங்கள்: 12இல் 116 மில்லிமீற்றர் இருந்தது 13இல் 100 ஆகிவிடும். வீதியின் குழியை முதலில் வாங்குவது அந்தச் சுவருக்குள் இருக்கிற காற்று. அது குறையக் குறைய அடி றிம்முக்கும் ஷொக்குக்கும் உங்கள் நாரிக்கும் போகும். ஏ9உம் காங்கேசன்துறை வீதியும் காப்பெற்றாக இருக்கலாம். உங்கட வீட்டு ஒழுங்கை எப்படி இருக்கிறது?

அடுத்தது நட் துளை. இந்தியாவில் செய்த மாருதி 800க்கும் பழைய அல்டோவுக்கும் நாலு துளை, 114.3 மில்லிமீற்றர் வட்டம். ஜப்பானில் செய்த வாகன்ஆருக்கும் நாலு துளைதான், ஆனால் 100 மில்லிமீற்றர் வட்டம். இரண்டும் சுசுகிதான், ஒன்றின் றிம் மற்றதுக்கு வராது. நானோவுக்கு மூன்றே நட், அதோடு முன்னுக்கு 135, பின்னுக்கு 155 என்று இரண்டு அளவு ரயர், முன் பின் மாற்றவும் ஏலாது. "துளையை அராவிப் போட்டுத் தாறன்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். ஓடும்போது சில்லுக் கழன்றால் அராவியவர் உங்களோடு காருக்குள் இருக்கமாட்டார்.

இரும்பு றிம்மில் என்ன குறை?

அலோய் பாரம் குறைவு, பிறேக்கின் சூட்டையும் சீக்கிரம் விடும் என்று சொல்லுவார்கள். நல்ல அலோயில் அது உண்மை. மலிவு விலையில் விற்கிற பெரிய அலோய் பல நேரம் பழைய இரும்பு றிம்மை விடப் பாரம். 660 சிசி எஞ்சினுக்கு அந்தப் பாரத்தைச் சுற்றுவது பெற்றோல் கணக்கில் தெரியும். குழிக்குள் அடித்தால் இரும்பு றிம் நெளியும், தட்டி எடுக்கலாம். அலோய் வெடிக்கும். ஒட்டவைத்த அலோயை நம்பி 100இல் போக எனக்குத் துணிவில்லை.

எங்களுக்கென்று உப்புப் பிரச்சினையும் இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு, பொன்னாலையால் காரைநகருக்கு, சங்குப்பிட்டியால் பூநகரிக்கு என்று தினமும் கடலுக்கு மேலால் ஓடுகிற வாகனங்களின் அலோயில் இலாக்கர் சுரண்டுப்பட்டால் அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி அரித்துக்கொண்டு போகும். ரயர் உட்காருகிற விளிம்பு அரித்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும், பஞ்சர் எங்கே என்று தேடினால் கிடைக்காது. இரும்பும் கறள் பிடிக்கும்தான். ஆனால் சுரண்டி, பிறைமர் அடித்து, கறுப்போ வெள்ளியோ ஸ்பிறே பண்ணினால் புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. ஒழுங்காகச் செய்த கறுப்பு இரும்பு றிம் உண்மையிலேயே வடிவு, நம்பாவிட்டால் செய்து பாருங்கள்.

அலோய்தான் வேணும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். அதே வாகனத்தின் விலை கூடிய மொடலில் கம்பனியே போட்டுவிட்ட அலோயைத் தேடுங்கள். துளை, உள்வாங்கல், நடுத்துளை எல்லாம் பொருந்தும். வேறு அலோய் என்றால் ஜப்பான் பரிசோதனை முத்திரைகளான ஜேடபிள்யூஎல், விஐஏ இரண்டும் றிம்மில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழசென்றால் பலன்சிங் மெசினில் சுழற்றிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துப் பழைய ஆக்கள் பெருமையாகக் கதைக்கிற மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதற்கு முந்திய மொறிஸ் எயிற் 17 அங்குல றிம்மில் ஓடியபோது, அவர் 1948இல் மைனருக்கு 14 அங்குலம் போட்டார். 1959இல் மினிக்கு 10 அங்குலம். கார் திருப்பத்தில் ஒட்டி ஓடுவதற்கு இரண்டும் பெயர் வாங்கின. சில்லுப் பெருத்தால்தான் கார் திறம் என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

மண்ணெண்ணெயில் ஓடிய ஊர்

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் வருவது நின்றது. அந்த வருசங்களில் ஒஸ்ரின் ஏ40உம் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைத் துளித்துளியாய் விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்கள்தான் நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. எங்கட மெக்கானிக்மாரின் கெட்டித்தனம் பற்றி ஒரு தனிக் கட்டுரை யாராவது எழுதவேணும்.

நான் சொல்ல வருவது வேறு. அவர்களும் காரை "மாற்றியவர்கள்"தான், எங்களை விடக் கூடுதலாக. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் அவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது: இதால் வண்டி போய்ச் சேருமா? எங்களுக்குத் தடையும் இல்லை, ஷெல்லும் இல்லை. அந்தக் கேள்வியையும் சேர்த்து விட்டுவிடத் தேவையில்லை.

அப்ப எந்த வரிசை?

முதலில் நாலு ரயரின் திகதியும் தவாளிப்பும். நாலையும் ஒன்றாக மாற்றக் காசில்லாவிட்டால் ஒரே அச்சில் இரண்டை ஒன்றாக மாற்றுங்கள், புதுசு இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். மழையில் பின்பக்கம் இழுபட்டால் பழகாத கைக்குத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். களனியில் செய்கிற சியற் சின்னக் கார் அளவுகளில் கிடைக்கிறது, இறக்குமதிப் பெயர்களுக்குப் பின்னால் மட்டும் ஓடத் தேவையில்லை. றீபில்ட் பண்ணின ரயரை லொறிக்கு விடுங்கள், காருக்கு வேண்டாம்.

இரண்டாவது, எலைன்மென்றும் பலன்சிங்கும். புது ரயரைப் போட்டுவிட்டு இதை மிச்சம் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து அடுத்த வருசமே திரும்பக் கடைக்குப் போகவேண்டி வரும்.

மூன்றாவது, காற்று. இதுக்குக் காசே இல்லை. "30 இறாத்தல் அடியுங்கோ அண்ணை" என்று வாய்ப்பாடாகச் சொல்லாமல் சாரதிப் பக்கக் கதவடியில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். ஜப்பான் எழுத்தில் இருந்தாலும் இலக்கம் இலக்கம்தான். 240 என்றிருந்தால் அது கிலோபாஸ்கல், இறாத்தலில் ஏறக்குறைய 35. ரயர் ஆறியிருக்கும்போது அடிக்கவேணும்.

நாலாவது, பிறேக் பாட், பிறேக் ஒயில், ஷொக், வைப்பர். பிறேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றவேணும். பின் சீற்றின் பெல்ற் பல கார்களில் சீற்றுக்குள் புதைந்து கிடக்கும், அதைக் கிளப்பி எடுங்கள். முன்னுக்கு இருக்கிற பெடியன் காரைப் பற்றி எல்லா முடிவும் எடுக்கிறான், பின்னுக்கு அம்மாவும் தங்கச்சியும் அந்த முடிவுக்குள் இருந்து போகிறார்கள்.

ஐந்தாவதாக வெளிச்சம். மங்கிய முன்கண்ணாடியைப் பொலிஷ் பண்ணி, சரியான வாற்று பல்ப் போட்டாலே இரவு வித்தியாசம் தெரியும். ஹலோஜனுக்குச் செய்த கூட்டுக்குள் மலிவு எல்ஈடி போட்டால் வெளிச்சம் சிதறி எதிரில் வாறவருக்குத்தான் போகும். எங்கட வீதியில் எதிரில் வாறவர் பெரும்பாலும் லைற் இல்லாத சைக்கிளில் வருகிற ஓர் ஐயா.

இதெல்லாம் முடிந்தபிறகு அலோய் போடுங்கள், பாட்டுப் பெட்டி போடுங்கள், ஸ்ரிக்கர் ஒட்டுங்கள். 2025 ஜனவரியில் பொலிஸார் அனுமதியில்லாத பாகங்களைக் கழற்றச் சொல்லித் தொடங்கியபோது பஸ்ஸும் ஓட்டோவும்தான் கூடுதலாக மாட்டின. ஆனாலும் விபத்து நடந்தபிறகு காப்புறுதிக்காரர் கேட்கிற கேள்வி எல்லோருக்கும் பொது.

"ரயரை ஆர் மச்சான் பாக்கப் போறாங்கள்? அலோயைத்தான் பாப்பாங்கள்" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். வேலை கிடைக்காமல், பட்டம் முடிய இழுபட்டு, வெளிநாடு போனவர்களோடு எந்நேரமும் ஒப்பிடப்பட்டு இருக்கிற ஒருவனுக்கு, சந்தியில் நாலுபேர் திரும்பிப் பார்ப்பது சின்ன விசயம் இல்லை. அதை நான் நையாண்டி பண்ணமாட்டேன். ஆனால் திரும்பிப் பார்க்கிற அந்த நாலுபேரும் உங்கட காருக்குள் ஏறுவதில்லை. ஏறுகிறவர்களுக்கு வேண்டியது அந்த நாலு உள்ளங்கை.

உங்கட கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நண்பன் ஒருவனின் காரில் ஏறமுதல் குனிந்து அந்த நாலு இலக்கத்தை வாசித்துப் பாருங்கள். வாசித்ததை அவனுக்கும் சொல்லுங்கள்.